எட்டுத் தூண் வீடு

நவம்பர் 3

மழை விட்டதும் கரையைப் போய்ப் பார்த்தேன். ஆறு இன்னொரு வாய் கடித்திருக்கிறது. போன வருஷம் வாசலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பாதையும் அதன் ஓரத்தில் ஒரு பாக்கு மரமும் இருந்தன. பாதை போய்விட்டது. பாக்கு மரம் சாய்ந்து நிற்கிறது. வீட்டின் முன்வரிசைத் தூண்களுக்கும் கரை விளிம்புக்கும் இடையில் நான் காலை நீட்டிப் படுக்கலாம். அவ்வளவு மண்தான் மிச்சம்.

மதியம் கீரை ஆய்ந்தேன். கருவாட்டை மறுபடி காயப் போட்டேன். வெயில் வரவில்லை.

நவம்பர் 5

மேடானிலிருந்து அண்ணன் அனுப்பிய நோட்டு இது. அப்பா கோயில் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த தமிழ் கைவிட்டுப் போகக் கூடாது என்று எழுதுகிறேன். இந்தத் தும்பாங் லாவுங் கிராமத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேடான் சுமத்ராவில் இருக்கிறது. இது கலிமந்தான், வேறு தீவு. சாலை கிடையாது. ஆறுதான் சாலை, ஆறுதான் குளியலறை, ஆறுதான் கடைத்தெரு.

அண்ணன் லாரி மெக்கானிக்காக இந்தத் தீவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்கு வந்தபோது நானும் அவரோடு வந்து தொழிலாளர் சாப்பாட்டுக் கூடத்தில் சமைத்தேன். சவாங்கை அங்கேதான் பார்த்தேன். இங்கத்துப் பூர்வகுடி, தயாக் ஜாதிக்காரர். இவர்களுடைய பழைய மதத்தையும் அடையாள அட்டையில் இந்து என்றே போடுகிறார்கள். அதனால் கல்யாணத்தைப் பதிவு செய்ய ஒரு தடையும் இருக்கவில்லை. அப்பா அதைக் கேட்டுச் சிரித்தார்.

இப்போது சவாங் ஆற்றின் கீழே பட்டணத்தில் மணல் அள்ளும் படகில் வேலை பார்க்கிறார். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு போனவர். வேலை ஓயவில்லை.

நவம்பர் 9

வாடகைப் படகு ஓட்டும் தீனோவின் அப்பா கீழேயிருந்து உப்பும் மண்ணெண்ணெயும் கொண்டு வந்தார். சவாங்கைச் சந்தையில் பார்த்தாராம். நன்றாக இருக்கிறாராம்.

"என்ன வாங்கிட்டிருந்தாரு?" என்று கேட்டேன்.

"கொசுவலை. சின்னது. குடை மாதிரி விரியுமே, அது." அதைச் சொல்லிவிட்டு இன்ஜினைக் குனிந்து பார்த்தார். இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை.

மீன் குஞ்சு வடிகட்ட வாங்கியிருப்பார். அதற்கு அந்த வலை நன்றாகத்தான் இருக்கும்.

நவம்பர் 14

லாமியாங் அண்ணி வயலில் களையெடுப்பு. முதுகு வலி.

நவம்பர் 16

லாமியாங் சவாங்கின் அக்கா. பக்கத்து வீடு. புருஷன் இறந்துவிட்டார். மகன்கள் இரண்டு பேரும் சுரங்க வேலைக்குப் போனவர்கள், திருவிழாவுக்குக்கூட வருவதில்லை. கூப்பிடும் முறை இங்கே வேறு. நான் எழுதும்போது அண்ணி என்றே எழுதுகிறேன், அதுதான் வாயில் வருகிறது.

அண்ணிக்கு என்னைப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. நான் சமைப்பது பிடிக்காது, பாய் விரிக்கும் விதம் பிடிக்காது, கோழியைக் கூப்பிடும் குரல் பிடிக்காது. முந்தாநாள் நான் களையெடுத்த வரிசையில் இன்று மறுபடி உட்கார்ந்து எடுத்தாள். ஆனால் என் முதுகுக்கு ஏதோ வேரை அரைத்து வாழையிலையில் வைத்து வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். எரிகிறது. வலி குறைந்திருக்கிறது.

வீட்டை மேட்டுக்கு நகர்த்த வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். பின்னால் புதர் அடர்ந்து கிடந்த மேட்டை நான் வெட்டித் துப்புரவாக்கி முடித்துவிட்டேன். பிரம்பும் நட்டிருக்கிறேன். வெட்டி நட்டவருக்கே நிலம், இதுதான் இங்கே வழக்கம். வீடு முழுக்க இரும்புமரம். கரையானும் அரிக்காது, தண்ணீரிலும் மக்காது. கழற்றிக் கொண்டுபோய் மறுபடி பூட்டிக்கொள்ளலாம்.

"தம்பி வரட்டும்" என்றாள்.

நவம்பர் 20

காலையில் தெரியாத படகு ஒன்று நம் துறையில் வந்து நின்றது. பஹ்ரி என்று பெயர் சொன்னார், பழைய மரம் வாங்கி விற்பவர். கூட இரண்டு ஆட்கள். காலைக் கழுவிக்கொண்டு, அனுமதி கேட்டுத்தான் ஏறினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தூண்களைத் தட்டிப் பார்த்தார், பலகையை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இந்த மாதிரி மரம் இனிமே காட்டுலயே கிடையாதும்மா" என்றார்.

"எதுக்குப் பாக்கறீங்க?"

அவர் முகம் மாறிவிட்டது. "சவாங் உங்ககிட்ட சொல்லலையா? மரத்தப் பாத்துட்டு வா, அப்புறம் விலை பேசலாம்னாரே. ஆறு கொண்டு போறதுக்குள்ள கழட்டிடணும்னாரு."

காப்பி போட்டுக் கொடுத்தேன். கப்பின் அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்ததைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தார்.

"குடும்பத்துல பேசி முடிங்க. சண்டையில இருக்கற வீட்ட நான் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு கோழிக்கூண்டைச் சுத்தம் செய்தேன்.

நவம்பர் 21

அண்ணியிடம் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்தம்பி வீடு. நீயும் நானும் பேசறதுக்கு என்ன இருக்கு?"

"பலகை நான் பிரம்பு வெட்டி வித்து வாங்கினது அண்ணி. கூரைக்கு மர ஓடு ஒவ்வொண்ணும் நானும் அவரும் உட்கார்ந்து பிளந்தது."

"தூணு?" என்றாள். "தூணு எங்கப்பன் வீட்டுத் தூணு. எட்டும். அது உன் பிரம்புல வந்துச்சா?"

உண்மைதான். கல்யாணமான வருஷம் மாமனாரின் பழைய வீட்டைப் பிரித்தபோது அந்த எட்டுத் தூண்களையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கொடுத்தார்களா, தற்காலிகமாக விட்டார்களா என்று யாரும் அப்போது பேசவில்லை. அண்ணியும் சேர்ந்துதான் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் அவள் கோழியை அழைக்கும் சத்தம் கேட்டது. நான் என் கோழிகளை அழைக்காமல் இருந்தேன். தானாக வந்து அடைந்தன.

நவம்பர் 24

பின்வீட்டு ரேனியின் புருஷனிடமும் மற்றவர்களிடமும் வீட்டை நகர்த்த வரச் சொல்லிக் கேட்டேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். வழக்குள்ள வீட்டில் கை வைத்தால் வைத்தவர்களுக்கும் பரிகாரச் செலவு உண்டு என்பது இங்கே வழக்கம். அவர்கள் மேல் தப்பில்லை.

மந்திர் ரங்கினிடம் போனேன். ஊர் வழக்கைத் தீர்ப்பவருக்கு இங்கே மந்திர் என்று பெயர். நம் மந்திரிதான், ஆற்றில் இவ்வளவு தூரம் வரும்போது கடைசி எழுத்து தேய்ந்துவிட்டது.

"உன் புருஷன் வந்தாத்தான் உட்கார முடியும்" என்றார். "ஆள் அனுப்பறேன். நீ என்ன கேக்கப்போற? வீட்டையா, அவனையா?"

"வீட்ட" என்றேன்.

நான் ஏன் அப்படிச் சட்டென்று சொன்னேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். மழைக்காலம், வீட்டைப் பற்றித்தானே முதலில் பேச வேண்டும்.

நவம்பர் 28

பாக்கு மரம் விழுந்துவிட்டது.

டிசம்பர் 2

சவாங் வந்தார். மெலிந்திருக்கிறார். தலையில் நரை கூடியிருக்கிறது. குளித்தார். சோறு போட்டேன், மூங்கில் குருத்துக் கறி அவருக்குப் பிடித்த மாதிரி புளிப்பாக வைத்தேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

சாப்பிட்ட பிறகு பேசினார். "கோமளா, நான் சொல்றதக் கேளு. ஆறு எப்படியும் எடுத்துக்கப் போகுது. வித்தா உனக்கும் பாதி. நீ மேடானுக்குப் போயிடு. அண்ணன் வீட்ல உன் பாஷை பேச ஆளிருக்கும். இங்க உனக்கு யாரு இருக்கா?"

"நீங்க?"

"நான் வேலை இருக்கற இடத்துலதான இருக்கணும்."

அப்போது ரேனி கைக்குழந்தையோடு வந்தாள், அவரைப் பார்த்துவிட்டுப் போக. குழந்தை பாலைக் குடித்துவிட்டு அழுதுகொண்டிருந்தது. சவாங் கை நீட்டி வாங்கினார். கழுத்துக்குக் கை கொடுத்து, தோளில் சாய்த்து, முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவினார். குழந்தை ஏப்பம் விட்டு அடங்கியது. ரேனி என்னைப் பார்த்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு துறைக்குப் போனேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. முன்பெல்லாம் கைக்குழந்தையைக் கண்டால், நழுவிவிடும் என்று தூக்கவே பயப்படுவார். மணல் படகில் எல்லாத் தொழிலும் கற்றுக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

அவர் அண்ணி வீட்டில் படுத்துக்கொண்டார். இங்கே கூரை ஒழுகுகிறது.

டிசம்பர் 3

மந்திர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்றெல்லாம் இல்லை, இடம் கிடைத்த இடத்தில். அண்ணி தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெற்றிலைத் தட்டு சுற்றி வந்தது.

மந்திர் முதலில் சவாங்கைக் கேட்டார். அவர் எனக்குச் சொன்னதையே சொன்னார். ஆறு, விலை, பாதி, மேடான். கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் இருந்தது. சிலர் தலையாட்டினார்கள்.

பிறகு என்னைக் கேட்டார்.

"உன் புருஷனுக்குக் கீழ வேற குடும்பம் இருக்கா?"

இப்படி நேராகக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"இருக்கு" என்றேன்.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல."

"பின்ன எப்போ தெரியும்?"

"சின்னக் கொசுவலை வாங்கினாருன்னு கேட்டப்பவே தெரியும்."

தீனோவின் அப்பா முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். சவாங் தலை நிமிரவில்லை. "பொம்பளப் பிள்ள" என்றார். "இப்பத்தான் குப்புற விழுது."

மந்திர் கல்யாணத்தன்று இரண்டு குடும்பத்தின் முன்னால் நாங்கள் கொடுத்த வாக்கை எடுத்துச் சொன்னார். இரண்டு பேர் கையால் சேர்ந்து உண்டாக்கியது இரண்டு பேருக்கும் பொது. வாக்கை மீறி விலகிப் போகிறவர் தன் பங்கை இழப்பார், அது நிற்பவருக்குச் சேரும். "பலகை, கூரை, தரை, ஏணி, மேட்டு நிலம். எல்லாம் கோமளாவுக்கு" என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தூணு எட்டும் அவங்க அப்பன் சொத்து. அது கையால உண்டானதில்ல. பரம்பரை. அது சவாங்குக்கும் லாமியாங்குக்கும்."

தூண் இல்லாமல் பலகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? எல்லாருக்கும் புரிந்தது. சவாங்குக்கும் புரிந்தது. "அக்கா அவ பங்க எனக்கு விட்டுடுவா" என்றார், அவள் பக்கம் திரும்பாமலே.

"விடமாட்டேன்" என்றாள் லாமியாங்.

"அக்கா—"

"உன் பங்கு நாலு தூணு. எம்பங்கு நாலு. உன் நாலை நீ பிடுங்கிட்டுப் போ. எந்த நாலுன்னு நீயே சொல்லு, நான் சண்டைக்கு வரல. ஆனா யார் வந்து பிடுங்கித் தருவா?"

அவர் சுற்றிப் பார்த்தார். அந்தத் தூண் மண்ணுக்குள் ஓர் ஆள் உயரம் இறங்கியிருக்கிறது. கல்லைப் போல் கனம். தண்ணீரில் போட்டால் மூழ்கும், மிதக்காது. ஊரே சேர்ந்தால்தான் ஒன்று எழும்பும். இங்கே கூலிக்கு ஆள் கிடையாது. நான் உன் வயலில் ஒரு நாள் குனிந்தால் நீ எனக்கு ஒரு நாள் கடன். இதற்கு ஹந்தெப் என்று பெயர்.

"தீனோ அப்பா, நீ போவியா?" என்று அண்ணி கேட்டாள். "போன விதைப்புக்கு உன் வயல்ல குழி போட்டது யாரு, இவனா? ரேனி புருஷா, உன் பெண்டாட்டி பிரசவத்துல கிடந்தப்ப உன் நெல்ல யாரு அறுத்தா? என் களையவே அவதான் எடுத்தா. கோணலா எடுத்தா, ஆனா எடுத்தா. இந்த ஊரு இவனுக்கு ஒரு நாள் வேலையாச்சும் பாக்கி வெச்சிருக்கா? யாராச்சும் சொல்லுங்க."

மந்திர் காத்திருந்தார். ஆற்றில் ஒரு படகு போய், அதன் சத்தம் தேய்கிற வரைக்கும் காத்திருந்தார்.

"அப்ப அந்த நாலு தூணும் நிக்கற இடத்துல நிக்கட்டும்" என்றார் சவாங். "வேணாம் எனக்கு."

"நிக்கற இடத்துல நின்னா ஆத்துக்குப் போகும்" என்றாள் அண்ணி. "எட்டையும் அவ எடுத்துட்டுப் போகட்டும்."

வீட்டுக்குத் திரும்பி வந்து அரிசியில் கல் பொறுக்கினேன். கல் ஒன்றும் இல்லாத அரிசி. முழுவதும் பொறுக்கினேன்.

டிசம்பர் 4

சவாங் கிளம்பும் முன் துறையில் உட்கார்ந்திருந்தார். நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்க வீடு எப்படி?" என்று கேட்டேன்.

"வாடகை ரூம். தாழ்வான இடம். மழைன்னா தண்ணி உள்ள வருது. அது தரையிலதான் படுக்குது."

அது என்று குழந்தையைச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சமையல்கட்டுத் தரைப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஒரு மேடை அடிக்கலாம், எவ்வளவு தண்ணீரில் நின்றாலும் மக்காது. புது வீட்டில் சமையல்கட்டு சின்னதாக இருந்தால் போதும், எனக்கு ஒருத்திக்குத்தானே. அவர் வேண்டாம் என்றார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாகக் கழற்றினோம். ஆணி வளையாமல் எடுக்க அவருக்குத்தான் தெரியும். ஆணிகளை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

படகில் ஏறும்போது என்னவோ சொன்னார். இன்ஜின் போட்டுவிட்டார்கள், கேட்கவில்லை. கையை அசைத்தேன்.

அண்ணி பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். "நான் கூடத்துல தொண்டை கிழியக் கத்தி வாங்கிக் குடுத்தத நீ துறையில வெச்சுத் தூக்கிக் குடுக்கற" என்றாள். மதியம் வரைக்கும் திட்டினாள்.

மதியத்துக்கு மேல் அழுகை வந்தது. குளிக்கப் போவதுபோல் ஆற்றுக்குப் போய் அழுதேன். எனக்குக் கணவர் இல்லை. இதை இங்கே எழுதிவிடுகிறேன், யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும்.

டிசம்பர் 11

ஊரே வந்தது. கூரை ஓடுகளைப் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். பலகைகளுக்குக் கரியால் அடையாளம் போட்டேன், தமிழில் அ, ஆ, இ என்று. ரேனியின் புருஷன் அது மந்திரமா என்று கேட்டார். ஆமாம், கோணலாகப் பூட்டினால் பலிக்கும் என்றேன்.

தூண்கள்தான் பாடு. சுற்றி மண்ணைத் தோண்டி, நெம்பி, ஆட்டி, கயிறு கட்டி இழுத்தார்கள். முதல் தூண் எழும்பியபோது குழிக்குள் தண்ணீர் ஊறி வந்தது. ஆறு வீட்டுக்கு அடியில் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

பன்றி அடித்தோம். நான் சாப்பிடுவதில்லை, சமைத்தேன். உப்பு போதவில்லை என்றாள் அண்ணி.

டிசம்பர் 13

தூண் எட்டும் மேட்டில் நின்றுவிட்டன. தரை பாதி. நான் ரேனி வீட்டில் தங்கியிருக்கிறேன்.

டிசம்பர் 19

கூரை முடிந்தது. குடி போனேன். பால் காய்ச்ச வேண்டும் என்று நினைத்தேன், பால் ஏது. தேங்காய்ப்பால் பொங்க வைத்தேன். எல்லாருக்கும் ஒரு வாய் கொடுத்தேன். இது என்ன சடங்கு என்று கேட்டார்கள். வீடு நிறைய வேண்டும் என்பதற்கு என்றேன்.

இங்கிருந்து ஆறு தெரிகிறது, சத்தம் கேட்பதில்லை. தூக்கம் வரவில்லை.

டிசம்பர் 27

அண்ணியின் வீட்டையும் நகர்த்திவிடலாம், ஊர் வரும் என்று சொன்னேன். அவள் வீடு இப்போது கரையில் தனியாக நிற்கிறது.

"என் வீடு நான் சாகற வரைக்கும் நிக்கும். நீ உன் வேலையப் பாரு."

ஜனவரி 6

நான்கு நாளாக மழை. அண்ணன் அனுப்பிய செய்தி தீனோவின் அப்பா வழியாக வந்தது, மேடானுக்கு வந்துவிடச் சொல்கிறார். அறுவடை முடியட்டும் என்று பதில் சொல்லி அனுப்பினேன்.

ஜனவரி 8

விடியும்போது அண்ணியின் வீடு போய்விட்டது. முதலில் சமையல்கட்டு சரிந்தது, அந்தச் சத்தத்தில் எழுந்து வெளியே ஓடி வந்துவிட்டாள். எல்லாரும் ஓடினோம். நெல் மூட்டைகளையும் இரண்டு பெட்டிகளையும் எடுத்தோம். பிறகு வீடு மெதுவாக முன்னால் குனிந்து, தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. அது இரும்புமரம் இல்லை, லேசான மரம். மூழ்காமல் மிதந்து, வளைவு வரைக்கும் வீடாகவே போனது. அண்ணி அது கண்ணை விட்டு மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழுததை நான் பார்த்தது இதுதான் முதல் முறை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உதறவில்லை.

ரேனி தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். மந்திரும் கூப்பிட்டார். அண்ணி தலையணையை இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள். நான் பின்னால் அவள் கோழிகளோடு வந்தேன்.

"ஒரு ராத்திரிதான்" என்றாள், ஏணியில் ஏறும்போதே. "நாளைக்குப் பசங்களுக்குச் சொல்லி அனுப்பறேன்."

"சரி அண்ணி."

காய்ந்த துணி கொடுத்தேன். சோறு சாப்பிட்டாள், குழைந்துவிட்டது என்றாள். பிறகு எழுந்து வீட்டைச் சுற்றி வந்தாள். பலகை இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து மூடினாள். சமையல்கட்டில் நெடுநேரம் நின்றாள்.

"அடுப்ப யாரு இங்க வெக்கச் சொன்னா? காத்து இந்தப் பக்கம் அடிச்சா புகையெல்லாம் உள்ளதான் வரும். எனக்குப் புகை ஆகாது. அந்த மூலைக்கு மாத்து."

"ஒரு ராத்திரிக்கு எதுக்கு அண்ணி அடுப்ப மாத்தணும்?"

அவள் மூலையில் உட்கார்ந்து அங்கிருந்த விறகை நகர்த்தத் தொடங்கினாள்.

இப்போது தூங்குகிறாள். குறட்டை பலமாக இருக்கிறது. மழை விட்டால் நாளை ஆற்றோரத்திலிருந்து களிமண் எடுத்து வர வேண்டும், பழைய அடுப்பை உடைத்தால் மறுபடி ஒட்டாது.